தனுஷ்கோடியா, மாரியூரா? ரெண்டு ராத்திரிக்கு ஒரு கணக்கு

"மாமா, ஆடி அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி ராமேஸ்வரம் வர்றேன். தனுஷ்கோடி சர்ச்சுக்கு மேல பால்வீதி நிக்கிற மாதிரி ஒரு படம், விடிஞ்சதும் பூநாரை, அப்புறம் கோயில்ல மூணாம் பிரகாரம். ரெண்டு ராத்திரி போதும்ல?"

சென்னையிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டது இது. புதுசாக கேமரா வாங்கியிருக்கிறான். நான் ராமநாதபுரத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் கேமராவை எனக்காகத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவேன். வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் போட்ட திட்டத்தில் ஒன்றுகூட நடக்காது. இருட்டிய பிறகு தனுஷ்கோடியில் யாரையும் இருக்க விடமாட்டார்கள். ஆடி மாதத்தில் பூநாரையைத் தேடிப் பயனில்லை. ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் போகாது, செல்போனும் போகாது. 1,212 தூண் உள்ள அந்தப் பிரகாரத்தைக் கண்ணால் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆடி அமாவாசை நெருங்க நெருங்க ராமேஸ்வரத்தில் ரூமும் கிடைக்காது. பையனைக் குறை சொல்லவில்லை. போனில் பார்க்கிற படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஊரில், ஒரே நாளில் எடுத்ததுபோல் காட்டுகின்றன.

முதலில் முடிவு செய்ய வேண்டியது என்ன படம் என்பதை. இடிந்த கட்டடமா, பறவையும் நீர்நிலையுமா, ராத்திரி வானமா? இந்தக் கரையில் மூன்றும் உண்டு. ஆனால் மூன்றுக்கும் இடம் வேறு, மாதம் வேறு, லென்ஸும் வேறு.

தீவில் கிடைப்பது

தனுஷ்கோடியில் இருந்தே தொடங்குவோம், எல்லோரும் அங்கேதானே போகிறார்கள். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து ஊரையே கொண்டுபோனது. மிச்சமிருப்பது சர்ச் சுவர், ரயில் நிலையத்தின் சில துண்டுகள், இன்னும் சில இடிபாடுகள். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்தார்கள். அதற்கு முன்னால் மணலில் ஜீப்போ வேனோ பிடித்துத்தான் போக வேண்டும். இப்போது கார் நேரே முனைக்கே போகிறது. கூட்டமும் அப்படியே வந்து இறங்குகிறது.

சர்ச்சைத் தூரத்தில் நின்று எடுத்த படங்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருக்கும். கிட்டே போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். கட்டியிருப்பது பவளப்பாறைக் கல்லால். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னப் பொத்தல்கள், சில கல்லில் பவளப் பூவின் வரி அப்படியே இருக்கும். உச்சி வெயிலில் இது எதுவும் தெரியாது, சுவர் சாம்பல் பூசின மாதிரி மொட்டையாக இருக்கும். காலை ஏழு மணிக்குச் சாய்வாக விழும் வெயிலில் ஒவ்வொரு பொத்தலிலும் நிழல் விழும். என் கணக்கில் தனுஷ்கோடியில் எடுக்க வேண்டிய படம் இதுதான், கேமராவோடு வரும் சாதாரண 18-55 லென்ஸே போதும். ஒன்பது மணிக்கு மேல் சங்குக் கடைகள் திறந்து சுற்றுலா பஸ்களும் வந்துவிட்டால், சுவருக்கு முன்னால் யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனைச் சாவடியில் காலை ஆறு மணிவாக்கில்தான் வண்டியை விடுகிறார்கள், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தை மாதத்தில் சூரியன் ஆறரைக்குத்தான் உதிக்கிறது, விறுவிறுவென்று போனால் பிடித்துவிடலாம். வைகாசியில் ஆறுக்கு முன்பே உதித்துவிடும், நாம் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆடியில் இரண்டுக்கும் நடுவே. எதற்கும் முந்தின நாளே சாவடியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆடியில் இன்னொரு தொல்லை காற்று. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும்போது அரிச்சல்முனை ரோட்டில் மணல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும். ஒரு ஆடியில் அந்தக் காற்றில் நின்று ஏதோ தைரியத்தில் லென்ஸை மாற்றினேன். அன்றைக்கே ஜூம் வளையம் நறநறவென்றது, இன்றைக்கும் அந்த லென்ஸ் அப்படித்தான் திரும்புகிறது. லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். கண்ணாடியில் உப்புப் படிந்தால் உடனே துணியை வைத்துத் தேய்க்காதீர்கள். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி.

பாம்பனைப் பற்றிச் சுருக்கமாக. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் கட்டியவை. பழையதைப் பிரித்துவிடுவதென்று முடிவாகிவிட்டதால், ஆசை இருப்பவர்கள் அதைத் தள்ளிப் போட வேண்டாம். ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது, இறங்கி நடந்துதான் எடுக்க வேண்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது, அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் பதில் சொல்லி மாளாது.

அக்னி தீர்த்தத்தில் விடியற்காலை வெளிச்சம் அழகாக இருக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திதி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆண்கடலும் பெண்கடலும்

எங்கள் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். முன்னது அலையடிக்கும், பின்னது குளம்போல் கிடக்கும். ராத்திரி வானம் எடுக்க வருகிறவர் எந்தக் கரையில் நிற்பது என்பதற்கு விடை இதிலேயே பாதி இருக்கிறது.

ஆண்கடல் கரை தெற்கே பார்த்தது. சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் என்று சாயல்குடிப் பக்கம் வரை எங்கே நின்றாலும் தெற்கே வெறும் கடல். பால்வீதியின் நடுப்பகுதி, அதாவது தேளின் கொடுக்குக்கும் தனுசுக்கும் இடையே மேகம்போல் திரண்டு கிடக்கும் இடம், நமக்குத் தெற்கு வானத்தில்தான் ஏறுகிறது. நம் ஊர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அது உச்சிக்கு வரும்போது 50 பாகைக்குக் கொஞ்சம் மேல் உயரத்தில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது இன்னும் தாழ்வாக, புழுதிக்குள் பாதி மங்கிப்போய்த் தெரிவது. இங்கே கீழே கடல், மேலே பால்வீதி, இடையில் ஒரு தெருவிளக்கு கிடையாது.

பெண்கடல் கரையில் நின்றால் கதை வேறு. தேவிபட்டினம், தொண்டி கிழக்கே பார்த்தவை. அரியமான் கடற்கரை வடக்கே பார்த்தது. அங்கே பால்வீதியின் அந்தத் திரட்சி நம் முதுகுக்குப் பின்னால், ஊருக்கும் விளக்குக்கும் மேலே போய்விடும். ஆனால் அரியமானில் வேறொன்று கிடைக்கும், அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானத்திலிருந்து 9 பாகை உயரம்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. அப்படியானால் ஒரு முஷ்டி உயரத்தில், பெண்கடலுக்கு மேலேயே துருவம். கேமராவை முக்காலியில் வைத்து வடக்கே திருப்பி, முப்பது முப்பது வினாடியாக இரண்டு மணி நேரம் இடைவிடாமல் எடுத்துச் சேர்த்தால் நட்சத்திரங்கள் கடலிலிருந்து எழுந்து கடலிலேயே இறங்கும் வளைவுகளாக வரும். கடல் அசையாமல் இருந்தால் தண்ணீரிலும் கோடு தெரியும். இதற்குக் கும்மிருட்டு அவ்வளவு தேவையில்லை, மங்கின வானத்திலும் நடக்கும். பால்வீதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதனால் ராத்திரி வானம்தான் வேண்டும் என்பவருக்கு என் பரிந்துரை மாரியூர். கடலோரத்திலேயே பூவேந்தியநாதர் கோயில் இருக்கிறது, சிவன் வலைவீசின திருவிளையாடலை சித்திரையில் இங்கே விழாவாக நடத்துவார்கள். மூக்கையூர்த் துறைமுக விளக்குகள் ஒரு ஓரத்தை வெளுக்க வைக்கும், கேமராவை அந்தப் பக்கம் திருப்பாமல் இருந்தால் சரி. வாலிநோக்கமும் நல்ல இடம்தான், உப்பளங்களில் தண்ணீர் கட்டியிருக்கும் நாளில் பாத்திக்குள் நட்சத்திரம் விழும். ஆனால் வரப்பில் ராத்திரி நடக்க வழி தெரிந்த ஆள் கூட வேண்டும், உப்பளக்காரர்களிடம் கேட்காமல் இறங்கவும் கூடாது. சேதுக்கரை ராமநாதபுரத்துக்குப் பக்கம், ஆனால் மேற்கே கீழக்கரை வெளிச்சம். ஏர்வாடி வெளிச்சத்தைச் சொல்லவே வேண்டாம்.

முதல் தடவை மாரியூரில் முக்காலியை விரித்தபோது நடந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த ஒரு வள்ளத்தை முன்னால் வைத்து, பதினைந்து வினாடி வைத்து அழுத்தினேன். வள்ளத்தில் நிழல் சரியாக வரவில்லை என்று டார்ச்சை இரண்டு முறை அடித்தேன், அதுவும் கடலைப் பார்த்து. பத்தே நிமிஷத்தில் பைக்கில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். கடத்தல் பயம் உள்ள கரை. ராத்திரியில் கடலுக்கு விளக்கு காட்டுகிறவனைச் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? ஆதாரைக் காட்டினேன், கேமரா திரையில் படத்தைக் காட்டினேன். வயசானவர் திரையைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இம்புட்டும் இங்கன தான் கெடக்கா?" என்று கேட்டார். கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புகைதான் தெரியும், கேமரா சேர்த்து வைத்துப் பார்க்கிறது என்று விளக்கினேன். போகும்போது அடுத்த முறை ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வரச் சொன்னார். அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஊருக்குள்ளும் பகலிலேயே போய் ஒரு டீயைக் குடித்து, வள்ளத்துக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பேன். டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றிக் காலடிக்கு மட்டும்.

கணக்கு இதுதான்: லென்ஸ் 18 மி.மீ.யில், துவாரம் எஃப் 3.5 (எண் குறைந்தால் ஒளி கூடும்), ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200, திறந்திருப்பது பதினைந்து வினாடி. சின்ன சென்சார் உள்ள சாதாரண கிராப் சென்சார் கேமராவில் இருபது வினாடியைத் தாண்டினால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் இழுபட்டு அரிசி மாதிரி ஆகிவிடும். ஃபோகஸைக் கையில் வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சின்னப் புள்ளியாகும்வரை திருப்புங்கள். முக்காலியின் நடுக்கொக்கியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது. ஏசி ரூமிலிருந்து நேரே கரைக்கு வந்தால் லென்ஸ் வேர்த்துவிடும், அரை மணி முன்னதாகவே கேமராவை வெளியே எடுத்து வையுங்கள்.

மாதக் கணக்கு

நட்சத்திரத்துக்கு நிலா ஆகாது, எனவே அமாவாசையை ஒட்டித்தான் வர வேண்டும். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் ராமேஸ்வரம் நிரம்பி வழியும். தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும்கூட அன்றைக்குத் தர்ப்பணக் கூட்டம்தான். அதனால் தங்குவது ராமநாதபுரத்தில். தீவும் ஒரு மணி நேரச் சொச்சம், மாரியூரும் அப்படித்தான். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து அமாவாசை அன்று காலையில் கிளம்பிவிடுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் தேய்பிறைக் கீற்று விடியற்காலம்தான் எழும், தொந்தரவில்லை.

ஆடியில் ஒரு வசதி, இரவு எட்டு மணிக்கே பால்வீதி தெற்கே நிமிர்ந்து நிற்கும், பதினொன்றுக்குள் மூட்டை கட்டிவிடலாம். தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் காற்றும் ஓடும் மேகமும் உண்டு. சித்திரை, வைகாசியில் வந்தால் நடுராத்திரி வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் தொடுவானத்தில் படகு விளக்குகள் குறைந்து கடல் இருண்டு கிடக்கும். புழுக்கத்தைத் தாங்கிக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வானத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் மாசிக் கடைசி, பங்குனித் தொடக்கம். விடியற்காலம் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை பால்வீதி தென்கிழக்கில் கடலிலிருந்து சாய்வாக எழுந்து நிற்கும், ஆண்கடலே அப்போது பெண்கடல் மாதிரி அடங்கியிருக்கும். பூநாரைகளும் கிளம்பியிருக்காது. கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பில் அவை குளிர்காலம் தொட்டு பங்குனி வரை மேயும். அந்தக் கோயில் 1964 புயலிலும் விழாமல் நின்றது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவித்தார்கள். கிட்டே போனால் கூட்டமாக எழும்பிவிடும், ரோட்டோரம் நின்று 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸில் எடுப்பதுதான் அவற்றுக்கும் நமக்கும் நல்லது.

பறவைதான் முக்கியம் என்றால் கடற்கரையைவிட்டு உள்ளே வாருங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தவை. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல். மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் அவற்றைவிடப் பெரியது. எல்லாமே கண்மாய்கள், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷமாக இருந்தால்தான் இதெல்லாம். ஆடியில் வந்தால் வெடித்த மண்ணும் ஆட்டுக்கிடையும் பார்க்கலாம். அதையும் படமாக எடுக்கலாம், மோசமில்லை.

லென்ஸ் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் மாதத்தைப் பார்த்து எடுங்கள். மாசி, பங்குனி என்றால் பறவைக்கு 150-600 தூர லென்ஸ், வானத்துக்குக் கையிலிருக்கும் 18-55 சமாளித்துவிடும். ஆடி என்றால் 14 மி.மீ. எஃப் 2.8. இது 3.5-ஐவிட ஒன்றரை மடங்கு ஒளி வாங்கும், அகலமான லென்ஸ் என்பதால் இருபது வினாடிக்குச் சற்று மேல் வைத்தாலும் நட்சத்திரம் இழுபடாது, ஆக மொத்தம் இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்து எடுக்கும் அளவுக்குக் காசு இருந்தால் அந்தக் காசில் இன்னொரு ராத்திரி தங்குங்கள் என்பேன். போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. முப்பது வினாடி வரை திறந்து வைக்கிற வசதி பல போன்களில் வந்துவிட்டது, ஒரு முக்காலி வாங்கினால் போதும். பறவைக்குத்தான் போன் உதவாது.

இவ்வளவும் சொன்ன பிறகு அக்கா மகன் லீவு போட்டாயிற்று என்றான், மாசிக்கு மாற்ற வழியில்லையாம். சரி, ஆடிதான். முதல் ராத்திரி சாயல்குடியில் சாப்பிட்டுவிட்டு மாரியூர், எட்டு முதல் பதினொன்று. மறுநாள் காலை சாவடி திறந்ததும் தனுஷ்கோடி, ஒன்பதுக்குள் சுவர்ப் படத்தை முடித்துவிட்டுத் திரும்பல். இரண்டாம் ராத்திரி அரியமானில் நட்சத்திரக் கோடு. மூன்றாம் நாள் அமாவாசை, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் சூரிய உதயத்தோடு எடுக்க அவனுக்கு ஆசை. கூட்டத்தில் முடியாது, அதை முந்தின நாளே தனுஷ்கோடிக்குப் பதிலாக வைத்துக்கொள் என்றேன். இதில்தான் இன்னும் எங்களுக்குள் முடிவாகவில்லை. எனக்கு அந்தப் பவளச் சுவரை அவன் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அவனுக்கோ பெண்கடல் கண்ணாடி மாதிரி கிடக்க, அதில் ஒன்பது கல் நிற்கிற படம் வேண்டும். காற்றுக்கு எது ஒதுக்கமோ அதுதான் என்று விட்டிருக்கிறோம். கச்சான் பலமாக இருந்தால் தேவிபட்டினம்.

பூநாரை இல்லை என்று தெரிந்தும் 150-600-ஐயும் கொண்டு வருகிறானாம். வரட்டும், மண் போகாமல் கட்டப் பிளாஸ்டிக் பையை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.